பார்க்க மட்டும்

அந்தப் பையை இப்படிக் குடுங்க சார், மடியில வச்சுக்கறேன். எவ்வளவு நேரம்தான் தோள்ல மாட்டிக்கிட்டு ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சு ஆடுவீங்க. வல்லத்துல இவரு இறங்கிடுவாரு, கேட்டு வச்சிருக்கேன், நீங்க உக்காந்துக்கலாம். கம்ப்யூட்டரா உள்ள? கவலைப்படாதீங்க. எனக்கும் அதுதான் பிழைப்பு, அதோட அருமை தெரியும்.

பென்குவின் படம் ஒட்டியிருக்கீங்களே. லினக்ஸா? அப்படிச் சொல்லுங்க. தஞ்சாவூர்ல இந்தப் பொம்மையைப் பாத்தா என்னோட லேப்டாப்புக்கும் ஒரு சொந்தக்காரன் கிடைச்ச மாதிரி இருக்கு. எங்க ஆபீஸ்ல இதைப் பாத்துட்டு ஒரு பையன், "என்ன சார், பேத்திக்கு வாங்கின ஸ்டிக்கரா"ன்னான். எனக்கு இன்னும் அம்பதே ஆகல.

வந்துருச்சு வல்லம். உக்காருங்க, உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணுமா? சரி.

சார், சும்மா ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்ல சர்வர் விண்டோஸா? நீங்க லினக்ஸ்லேர்ந்து அதோட பொது டிரைவுக்குள்ள போறீங்களா? போனா எழுத முடியுதா? பாக்கறது இல்ல, அது எனக்கும் முடியும். எழுத, சேமிக்க?

முடியுதா. சரி. எல்லாரும் முடியுதுன்னுதான் சொல்றாங்க.

நான் ஏன் கேக்கறேன்னா, இப்ப நான் திருச்சிக்குப் போறதே அதாலதான். மெடிக்கலுக்குப் போறேன். நெஞ்சை ஒரு படம், ரத்தம் ஒரு குப்பி. மறுபடியும் ஓமனுக்கு. இருபத்தோரு வருஷம் சலாலாவுல இருந்துட்டு, இனிமே எந்த ஏர்போர்ட் வாசலையும் மிதிக்கிறதில்லைன்னு போன வருஷம்தான் மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன். இதோ கிளம்பிட்டேன். யாராவது ஏன்னு கேட்டா என்ன சொல்றது? டிரைவு ஒத்துக்கலைன்னா சிரிக்க மாட்டாங்களா? உங்ககிட்ட சொல்லலாம். பென்குவின் ஒட்டியிருக்கீங்க.

என் பேரு மதிவாணன். தம்பி நன்மாறன். எனக்கு ஆறு வயசு இளையவன். சிவில் படிச்சுட்டு, மெடிக்கல் காலேஜ் ரோட்ல ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல ஆபீஸ் போட்டிருக்கான். வீட்டுக்கு பிளான் போடறது, எஸ்டிமேட், அப்ரூவல் வாங்கித் தர்றது, அந்த வேலை. நான் வந்து இறங்கினப்ப ஏர்போர்ட்டுக்கு மாலையோட வந்தான் சார். "டேய், நான் என்ன எலெக்‌ஷன்லயா ஜெயிச்சேன்"னேன். "அண்ணே, இனிமே ஆபீஸ் உங்க பொறுப்பு. நீங்க உக்காந்திருந்தாலே எனக்குத் தைரியம்"னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த நாற்காலிதான் இனி கடைசி வரைக்கும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பூங்குழலியும், என் வீட்டுக்காரி, அவளும் அதைக் கேட்டுட்டுத்தான் நிம்மதியா தூங்கினா. இருபத்தோரு வருஷத்துல அவ தூங்கி நான் பாத்தது ரொம்பக் கம்மி. லீவுல வர்ற ஆளு என்னத்தைப் பாக்க முடியும்.

சலாலாவுல எனக்கு என்ன வேலைன்னு கேளுங்க. டாக்குமென்ட் கண்ட்ரோலர். பெரிய கன்சல்டன்ட் கம்பெனி. ஒரு ஆஸ்பத்திரி கட்டறாங்கன்னா ஆயிரக்கணக்குல வரைபடம் வரும். எதுக்கு என்ன நம்பர், எது பழசு, எது புதுசு, எதை யார் பாக்கலாம், எதுல யார் கை வைக்கலாம், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். சர்வர் பக்கம் முழுக்க லினக்ஸ்தான். அந்தக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் எனக்குப் பழகிப் போச்சு.

இங்க வந்து பாத்தா, மூலையில ஒரு விண்டோஸ் பெட்டி. எல்லார் வேலையும் அதுலதான் கிடக்கும். ஆளாளுக்குத் தன் கம்ப்யூட்டர்லேர்ந்து திறந்து, வேலை பாத்து, அதுலயே போட்டு வைப்பாங்க. அவங்களுக்கு அது இசட் டிரைவு. "இசட்ல போட்டுட்டேன் சார், இசட்ல பாருங்க சார்"னு நாள் பூரா இதே பேச்சு. நமக்கு ஏது இசட்டும் ஒய்யும். முகவரி எழுதணும். அவங்க ஸ்லாஷ் இந்தப் பக்கம் சாயும், நம்ம ஸ்லாஷ் அந்தப் பக்கம் சாயும். ரெண்டு நாள் மல்லுக்கட்டித்தான் உள்ள போனேன். ஃபோல்டரெல்லாம் வரிசையா வந்து திரையில நின்னப்ப, புது வீட்டுக்குள்ள வலது காலை எடுத்து வச்ச மாதிரி இருந்துது.

ஆனா என்ன வீடு. பேரைக் கேட்டா மயக்கமே வந்துடும். "கண்டக்டர் வீடு." "டீச்சர் மாடி." "டீச்சர் மாடி புதுசு." "டீச்சர் மாடி புதுசு கடைசி." அதுக்கடியில "இதைத் தொடாதே"ன்னு ஒரு ஃபோல்டர். யார் யாரைத் தொடக் கூடாதுங்கறாங்கன்னு தெரியாது. ஜெசிந்தாகிட்ட கேட்டேன். அங்க படம் வரையற பொண்ணு, பத்து வருஷமா இருக்கா, மாறனுக்கு வலது கை மாதிரி. "அது பழக்கத்துல வந்துடும் பெரிய சார்"னா. என்னைப் பெரிய சார்ங்கறது, அவனை சார்ங்கறது. மரியாதை தெரிஞ்ச பொண்ணுதான்.

தீபாவளிக்கு ஆபீஸ் நாலு நாள் லீவு. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. நான் சும்மா இருப்பேனா. உக்காந்து அத்தனைக்கும் முறையா நம்பர் போட்டேன். ஊருக்கு ஒரு எழுத்து, வீட்டுக்கு ஒரு எண், திருத்தத்துக்கு ஒரு எண். சலாலாவுல எப்படியோ அப்படியே. கையால பண்ணினா வாரக் கணக்காகும், லினக்ஸ்ல ஒரே வரி, அடிச்சு என்டர் தட்டினா கடகடன்னு மாறுது. கண்டக்டர் வீடுங்கறது போய், பாக்கறதுக்கே ஒரு கம்பீரமான நம்பர். அன்னைக்கு மாதிரி நான் சந்தோஷமா இருந்ததில்ல சார். தம்பிக்குத் தீபாவளிச் சீர்னு நினைச்சுக்கிட்டேன்.

லீவு முடிஞ்சு வந்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடைக்கலை. பழக்கம் இல்லையில்ல. படத்துக்குள்ள படத்தைக் கோத்து வச்சிருப்பாங்க போல, பேர் மாறினதுல அந்தக் கோர்வையெல்லாம் அறுந்து, திறந்தா பாதி வீடுதான் தெரியுதாம். ஜெசிந்தா தண்ணி ஃபில்டர் பக்கத்துல நின்னு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தா. பாவம், அவ புருஷன் சரியில்லைன்னு கேள்விப்பட்டிருக்கேன். நான் தெரியாத மாதிரி வந்துட்டேன். அடுத்தவங்க வீட்டு விஷயத்துல நாம தலையிடக் கூடாது.

மாறன் கோவிச்சுக்கவே இல்லை சார். "நல்லாத்தான் இருக்குண்ணே. கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கறோம்"னான். அதுதான் என் தம்பி.

கண்டக்டர் வீடுன்னேனே, அதைச் சொல்லணும். வீரமணின்னு ரிட்டயர்டு கண்டக்டர். கீழ கார் நிறுத்த இடமும் ஒரு கடையும், மாடியில வீடுன்னுதான் முதல்ல பிளான் போட்டிருந்தாங்க. நடுவுல அவர் சம்சாரத்துக்குச் சர்க்கரை முத்தி ஒரு காலை எடுக்கும்படி ஆயிடுச்சு. அதனால படுக்கையறையையும் பாத்ரூமையும் கீழ கொண்டு வந்து, வாசல்ல படிக்குப் பதிலா சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு போடச் சொல்லியிருக்கார். ஜெசிந்தாதான் அந்த வேலையை எடுத்திருந்தா.

அவ அந்த வேலையில உக்காந்த அன்னைக்கு நானும் அதே படத்தைத்தான் திறந்து வச்சிருந்தேன். படத்துல கை வைக்கலை, தப்பா நினைக்காதீங்க. தலைப்புக் கட்டம் இருக்குல்ல, ஓரத்துல பேரும் தேதியும் போடற கட்டம், அது ஒழுங்காவே இல்லை. கோட்டுக்கு ஒரு தடிமன் இல்லை, எழுத்துக்கு ஒரு அளவு இல்லை. காலையில திறந்தேன், சாயங்காலம்தான் எனக்குத் திருப்தியாச்சு. அவங்க மென்பொருள்ல ஒருத்தர் ஒரு படத்தைத் திறந்திருந்தா, அடுத்தவருக்குப் பூட்டு விழும், சேமிக்க விடாது. என்னோடது வேற மென்பொருள், அந்தப் பூட்டெல்லாம் அதுக்குக் கண்ணுல படாது. நான் காலையில திறந்ததை அப்படியே சேமிச்சேன், அங்க இருந்தது மேலயே சட்டுனு சேமிச்சுது. லினக்ஸோட அழகே அதுதானே.

மறுநாள் காலையில பிரிண்ட் எடுத்து மேஸ்திரிகிட்ட குடுத்தாச்சு. தலைப்புக் கட்டத்தை நீங்க பாக்கணுமே, சலாலா தரம்.

அப்புறம் என்ன குழப்பமோ சார். கண்டக்டர், சம்சாரத்தை ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டு ஊர்லயே இல்லை. மாறன் கும்பகோணத்துல ஒரு பெரிய சைட்டுல மாட்டிக்கிட்டான். ரெண்டு பேரும் வந்து பாக்கறப்ப கான்கிரீட் போட்டு முடிஞ்சாச்சு. கீழ கார் நிறுத்தற இடம் அப்படியே இருக்கு, கடை இருக்கு, வீடு மாடியில இருக்கு. சரிவும் இல்லை ஒண்ணும் இல்லை. கண்டக்டர் ஆபீசுக்கு வந்து ஜெசிந்தாவைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டார். "தங்கச்சி, உன்கிட்டதானே தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன்"ங்கறார். அவ, "மாத்தினேன் சார், மத்தியானத்துக்குள்ள மாத்தி இசட்ல போட்டேன்"ங்கறா.

எனக்கு எது நியாயமோ அதைத்தானே நான் சொல்ல முடியும். எல்லார் முன்னாடியும் படத்தைத் திறந்து பாத்தேன். அவ மாத்தினதுக்கு ஒரு அடையாளமும் இல்லை. "ஜெசிந்தாம்மா, கடைசியா சேமிச்சது நான், சாயங்காலம். பாரு, என் பேரும் நேரமும் இருக்கு. அப்பக்கூட இதுல நீ சொல்ற படுக்கையறை இல்லையேம்மா"ன்னேன். கோபமா சொல்லலை, மெதுவாத்தான் சொன்னேன். அவ என்னையே பாத்தா. மாறன் வந்து திரையை ஒரு தடவை பாத்தான், கண்டக்டர்கிட்ட, "தப்பு என்னோடதுண்ணே, நான்தான் பாக்காம விட்டுட்டேன்"னு கையெடுத்துக் கும்பிட்டான். வேலை பாக்கறவங்களைக் காட்டிக் குடுக்க மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

கண்டக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். அந்தம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு நாலு பேர் மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ராணி மாதிரி இருந்துது. சாப்பாடு பிரமாதம், அசோகா அல்வா போட்டிருந்தாங்க. மாறன் சாப்பிடலை. படிக்கட்டுக்குக் கீழயே நின்னுக்கிட்டிருந்தான். "என்னடா"ன்னு கேட்டேன், "வயிறு சரியில்லண்ணே"ன்னான்.

அதுக்கப்புறம்தான் இந்தச் சனியன் ஆரம்பிச்சுது.

ஒரு திங்கக்கிழமை காலையில வர்றேன், டிரைவு திறக்குது, ஃபோல்டர் வருது, படம் வருது. சேமிக்கப் போனா, உனக்கு உரிமை இல்லைங்குது. பாக்க மட்டும்தானாம். நேத்து வரைக்கும் எழுதின மிஷின். மாறன்கிட்ட சொன்னேன். கையில காப்பி வச்சிருந்தான், எனக்குத்தான் கொண்டு வந்தான்.

"அப்படியாண்ணே? விண்டோஸ்ல ஏதோ அப்டேட் வந்துது. உங்க சிஸ்டம் அதோட ஒத்துக்கலை போல."

"மத்தவங்களுக்கெல்லாம் வருதாடா?"

"அவங்கல்லாம் விண்டோஸ்தானேண்ணே. பாக்கறோம். நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க, உக்காந்து எல்லாத்தையும் ஒரு பார்வை பாருங்க, அதுவே போதும்."

காப்பியை மேஜை மேல வச்சான். கப்பையே பாத்துக்கிட்டுப் பேசினான். கொட்டிடுமோன்னு இருக்கும்.

நான் விடுவேனா. பங்குனியில ஆரம்பிச்சது, ஆடி வரைக்கும் அதே வேலையா கிடந்தேன். நீங்க என்னென்ன சொல்லப் போறீங்களோ அத்தனையும் பண்ணிட்டேன். புரோட்டோகால் பழசு போட்டுப் பாத்தேன், புதுசு போட்டுப் பாத்தேன். பாஸ்வேர்டு மாத்தினேன். மொத்தத்தையும் அழிச்சுட்டு லினக்ஸையே புதுசா ஏத்தினேன், ஒரு தடவை இல்லை, மூணு தடவை. இன்டர்நெட்ல கேள்வி கேட்டா பதில் சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கே, அங்க பக்கம் பக்கமா எழுதிப் போட்டேன். எந்த தேசத்துக்காரனோ, ஒரே வரியில பதில் போட்டான். "உன் அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேள்"னு. எனக்கு வந்துது பாருங்க கோபம். அட்மினிஸ்ட்ரேட்டர் என் கூடப்பிறந்த தம்பிடான்னு எழுதினேன்.

ஆபீஸ்ல எனக்கு ஒரு குறையும் வைக்கலை, அதையும் சொல்லணும். ஏசிக்கு நேரா நாற்காலி. டீ வந்தா முதல் கிளாஸ் எனக்கு. வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம், "இவரு எங்க அண்ணன், வெளிநாட்டுல பெரிய பெரிய ப்ராஜெக்ட் பாத்தவரு"ன்னு சொல்லித்தான் மாறன் பேச்சையே ஆரம்பிப்பான். நான் படத்தையெல்லாம் திறந்து பாப்பேன். தப்பு இருந்தா அவனுக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புவேன். கும்பிடு போட்ட படம் ஒண்ணு பதிலா வரும். திருத்தம் வராது. வேலை நெருக்கடி.

இன்னொண்ணு சார். நான் வச்ச நம்பரெல்லாம் ஒண்ணொண்ணா பழையபடி மாற ஆரம்பிச்சுது. இன்னைக்கு டீச்சர் மாடி. நாளைக்கு இன்னொண்ணு. என் கண்ணு முன்னாடியே மாறும். நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன், அங்க ஜெசிந்தா தட்டற சத்தம் கேக்கும், இங்க திரையில பேரு மாறும். பாத்துக்கிட்டே இருப்பேன். பாக்கத்தானே முடியும்.

இதுல பாருங்க, சலாலாவுல நாங்களும் இப்படிப் பண்றதுண்டு. இப்படின்னா, இப்படியே இல்லை. ஒரு ஆளை வேலையிலேர்ந்து விலக்கணும்னு மேல முடிவு பண்ணிட்டா, முதல்ல அவன் எழுதற உரிமையைத்தான் எடுப்போம். பாக்கறதை விட்டு வைப்போம், திடீர்னு ஒண்ணுமே தெரியலைன்னா சத்தம் போடுவான். ஹானின்னு ஒரு எகிப்துக்காரர். நல்ல இன்ஜினியர், நல்ல மனுஷன். தினம் என் மேஜைக்கு வருவார், கையில பேரீச்சம்பழம் இருக்கும். "மதி, இன்னைக்காவது பாரேன், சேமிக்க விட மாட்டேங்குது"ம்பார். "சிஸ்டம் சார், பாத்துக்கிட்டிருக்கோம்"பேன். அவர் அவரோட லேப்டாப்பை மாத்தினார், கேபிளை மாத்தினார், மேஜையைக்கூட மாத்தி உக்காந்து பாத்தார். அந்தப் பக்கம் போனதும் நாங்க சிரிச்சுக்குவோம், இத்தனை படிச்ச ஆளு இதைக்கூடவா புரிஞ்சுக்க மாட்டார்னு.

அது கம்பெனி சார். இது குடும்பம். ரெண்டும் ஒண்ணாகுமா?

செங்கிப்பட்டியா இது? பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கு.

ஆடி மாசம் ஒரு நாள் ஜெசிந்தா லீவு. பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மைச் சடங்கு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அவ கம்ப்யூட்டர் திறந்தே கிடக்கு. எனக்கு மனசுல ஒண்ணு தோணிச்சு. சரி, நம்ம வீம்பை விட்டுடுவோம். லினக்ஸ்தானே கோளாறு, விண்டோஸ்லயே உக்காந்து பாப்போம். இருபது வருஷ வைராக்கியம் சார், தம்பிக்காக விட்டேன். உக்காந்தேன். இசட்டைத் திறந்து சும்மா ஒரு பேப்பர் எழுதிச் சேமிச்சேன். சேமிச்சுது. அப்பாடான்னு இருந்துது. பாத்தியா, நம்ம மிஷின்தான், வேற ஒண்ணும் இல்லைன்னு வாய்விட்டே சொல்லிக்கிட்டேன்.

அப்புறம்தான் பாத்தேன், அது ஜெசிந்தா பேர்ல நுழைஞ்சிருக்கு. அவளை வெளியேத்திட்டு, என் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு நுழைஞ்சேன். அதே மிஷின். அதே விண்டோஸ். அதே நாற்காலி.

உரிமை இல்லைன்னுது.

ஃபோல்டர் மேல வலது பக்கம் சொடுக்கினா, யார் யாருக்கு என்னென்ன உரிமைன்னு ஒரு பக்கம் வரும், உங்களுக்குத் தெரியும். அதைத்தான் நான் இருபத்தோரு வருஷம் பாத்துக்கிட்டிருந்தேன். அது மேல கை போச்சு. எடுத்துட்டேன். பாத்துட்டா, பாத்தாச்சுன்னு ஆயிடுமே சார். அப்புறம் அந்த ஆபீஸ்ல எப்படி டீ குடிக்கறது?

இல்லை, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க சொல்ல வந்தது எனக்குத் தெரியும்.

அன்னைக்கே சலாலாவுக்கு போன் பண்ணினேன். பழைய மேனேஜர், "மதி, உனக்கு எப்பவும் இடம் உண்டு"ன்னுட்டார். சாயங்காலம் மாறன் சைட்லேர்ந்து வந்தான், சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. கூப்பிட்டேன்.

"மாறா, மேனேஜர் கூப்பிட்டாருடா. ஆள் இல்லாம தவிக்கறாங்களாம்."

"என்னண்ணே திடீர்னு. இங்க உங்களுக்கு என்ன குறை?"

"குறைன்னு யார் சொன்னா? லினக்ஸ்ல கை பழகிப் போச்சு. உங்க சர்வரோட ஒத்து வரலை. சும்மா எத்தனை நாள் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது?"

"நான் வேணா விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு வாங்கித் தரட்டுமாண்ணே?"

"அதுலயும் வராதுடா"ன்னேன்.

அவ்வளவுதான் சார் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பாத்தான். இத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் நேரா பாத்தான். எனக்குத்தான் பயமா போச்சு, எங்க ஏதாவது சொல்லிடுவானோன்னு. "அது அப்படித்தாண்டா, என் பேர்ல இருக்கற கணக்கே லினக்ஸ்ல உருவானது, எங்க போனாலும் ஒட்டிக்கிட்டு வரும்"னு நானே ஏதோ உளறினேன். தலையாட்டினான். பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கிட்டிருந்தான். தண்ணி விழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது.

எதுக்கு இப்படிப் பண்ணினான்னுதான் சார் எனக்கு விளங்கலை. நான் அந்த ஆபீசுக்கு ஒரு கெடுதலும் நினைச்சதில்லை. ஒரு படத்துலகூட என் கையால ஒரு கோடு தப்பா விழுந்ததில்லை. ஒருவேளை ஜெசிந்தா ஏதாவது சொல்லி வச்சிருப்பாளோ என்னவோ. அன்னைக்குக் கண்டக்டர் முன்னாடி அவ சொன்னது இல்லைன்னு நான் நிரூபிச்சுட்டேன் பாருங்க, அது மனசுல இருந்திருக்கும். போகட்டும். புருஷன் சரியில்லாதவ.

முந்தாநாள் மாறன் வந்தான். "அண்ணே, இன்னொரு அப்டேட் வந்துது. இப்ப வருதான்னு பாருங்க"ன்னான். சொல்லிட்டு நிக்கலை, சைட்டுக்குக் கிளம்பிட்டான். நான் என் லேப்டாப்லேர்ந்துதான் பாத்தேன். வெத்துக் கோப்பு ஒண்ணு உருவாக்கினேன். உருவாச்சு. அழிச்சேன், அழிஞ்சுது. எழுத விடறது ஒரு பக்கம் சார், அழிக்கவும் விட்டிருக்கான். மொத்த டிரைவும் என் கையில. ஜெசிந்தா எதிர்லதான் இருந்தா, தட்டறதை நிறுத்திட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நான் ஒண்ணுத்தையும் தொடலை. மூடி வச்சுட்டு, மெடிக்கலுக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்னு ஏஜென்டுக்கு போன் போட்டேன்.

வீட்டுக்கு வந்து வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிட்டேன், எழுத முடியுதுன்னு. பூங்குழலி கரண்டியை அப்படியே வச்சுட்டு வந்தா. "அதுக்குத்தானே போறேன்னீங்க. அதான் சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு மெடிக்கலு"ங்கறா. நேத்து பூரா அதே கேள்வி. காலையில நான் செருப்பு மாட்டறப்பவும் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "மாறன்கிட்ட நான் வேணா பேசட்டுமா, இருந்துடுங்களேன்"ங்கறா. நேரமாச்சுன்னுட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

என்னத்தைச் சொல்றது அவகிட்ட. நான் போறேன்னு சொன்னதாலதானே சார் திறந்தான். இருந்துட்டேன்னு வைங்க, அவன் மறுபடியும் பூட்டணும். பூட்டிட்டு, மறுபடியும் காலையில காப்பியை எடுத்துக்கிட்டு வந்து என் முன்னாடி நின்னு, சிஸ்டம் சரியில்லண்ணேன்னு சொல்லணும். தினம் சொல்லணும். அவனுக்குப் பொய் சொல்ல வராது சார். இந்த நாலஞ்சு மாசத்துல எப்படி இளைச்சுப் போயிட்டான் தெரியுமா.